இடுப்பளவில் ஒரு கோடு

மன்னியின் மடி வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது என்றுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

மன்னி, என் அண்ணாவின் மனைவி. பெயர் விசாலம். மலையாளம் பேசும் ஊரில், வலியசாலை என்ற தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அதில் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணா, மன்னி, கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் என்று மூன்று பேர் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த வீட்டை விட்டு எங்கும் போகவும் இல்லை. அண்ணாவின் ஒரே மகன் ரகு ஸ்வீடனில் இருந்தான்.

காலையில் குளித்து, யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு, சமையல் முடியும்வரை ஒருவரையும் தொடாமல் இருப்பதுதான் மடி. தெருவில் பல வீடுகளில் அது தளர்ந்து, விசேஷ நாட்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்ட காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் இறுகியது. முதலில், சமையல் ஆகும்வரை அடுக்களைக்குள் யாரும் வரக்கூடாது என்றாள் மன்னி. பிறகு, ஆன பின்னும் வரவேண்டாம் என்றாள். அலமாரித் தட்டில் இருக்கும் டப்பாக்களை யாரும் தொடக்கூடாது. கூடத்தில் அவள் நடக்கும்போது எதிரே வரக்கூடாது. கோவிலுக்குப் போவதும் நின்றது.

"கும்பல்ல எல்லார் மேலயும் இடிச்சுண்டு வந்து, திரும்ப ஒரு தடவை குளிக்கணும். பகவான் இங்கயும்தான் இருக்கார்" என்றாள்.

அண்ணாவுக்கு இதில் கேலியும் பெருமையும் சரிபாதி. "மடத்துல இருக்கறவாள்லாம் உங்க மன்னிகிட்ட வந்து டியூஷன் எடுத்துக்கணும்" என்பார்.

ஒரு முறை, வீட்டு வேலைக்கு வரும் லதா, பண்டிகைக்காக அடுக்களைத் தட்டைத் துடைத்துவிட்டு டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டாள். சுவாமிக்குப் படைப்பதற்கு முன் வாயில் விட்டுப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகையால் அண்ணா ஒரு வாய் குடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"விசாலம், இது ரசமா, பானகமா?"

மன்னி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "யாரோ தட்டைத் தொட்டிருக்கா. மடி போச்சு. தொட்டா எல்லாம் கெட்டுத்தான் போகும்" என்றாள்.

"ஐயோ, ஞான் தொடச்சு வெச்சதே உள்ளு, மன்னியம்மா!" என்று, துடைத்து வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத லதா கண்ணைக் கசக்கினாள்.

மன்னி சமைத்ததையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி குளித்து, மறுபடி உலை வைத்தாள். அண்ணா முணுமுணுக்காமல் காத்திருந்து சாப்பிட்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமியிடம் இதைத் தன் மனைவியின் ஆசார மகிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரகுவின் மனைவி நித்யாவுக்குப் பிரசவம் நெருங்கியபோதும் மன்னி இந்த மடியைத்தான் காரணம் சொன்னாள்.

"அம்மா, உன் முதல் பேரக் குழந்தைம்மா. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயேன்" என்று ரகு போனில் கெஞ்சினான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"கடலைத் தாண்டி வந்து மடியை எங்கடா வெச்சுக்கறது? புடவை உலர்த்த அங்க தனியா ஒரு கொடி கூட இருக்காது."

"உனக்குக் குழந்தையைவிடக் கொடி பெரிசாப் போச்சு. சரி, இருந்துக்கோ."

அவன் பேச்சை முடித்துவிட்டான். மன்னி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். நித்யாவுக்குத் தாய் இல்லை. ஆகவே நான் போனேன்.

வெள்ளைச் சுவர் வீடு

அந்த ஊரின் பனியைப் பற்றி, பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் முன்பொரு வாரம் எழுதியிருக்கிறேன். அப்போது எழுத விட்டுப்போனது அதன் இருட்டு.

நான் போய்ச் சேர்ந்த பருவத்தில் அங்கே பிற்பகலிலேயே சூரியன் கடையைக் கட்டிவிடும். காலையிலும் சீக்கிரம் திறக்காது. நம் ஊர் வழக்கத்தில் விடியுமுன் எழுந்துவிடுகிற எனக்கு, அந்த வீடு விழித்துக்கொள்ளும்வரை இருட்டில் நடமாட வேண்டியிருந்தது.

ரகுவின் வீடு முழுவதும் வெள்ளை. சுவர் வெள்ளை, கதவு வெள்ளை, கதவின் பிடி வெள்ளை, விளக்கின் ஸ்விட்சும் வெள்ளை. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பகலிலேயே எனக்குப் புலப்படாது. குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று விளக்கையும் போடமாட்டேன். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையை முன்னே நீட்டி, காலால் விரிப்பின் ஓரத்தைத் தேடித் தேடி நடந்தேன். வலியசாலை வீட்டில் எந்த ஸ்விட்ச் எங்கே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நினைக்குமுன் கை போய்விடும். ஒரு வீட்டை அறிவது என்பது கையும் காலும் அறிவதுதான் என்பது, அத்தனை புத்தகங்களுக்கு நடுவே வாழ்ந்தும் அங்கேதான் எனக்கு விளங்கிற்று.

ஒரு நாள் காலையில் குழந்தை ஆதியைத் தூங்கப்பண்ணிவிட்டு வெளியே வந்தபோது, நித்யா ஈரத் துணியால் நடைச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் வரிசையாக விரல் அடையாளங்கள். தேங்காயெண்ணெய் தடவித் தலை வாருகிற கையின் அடையாளங்கள்.

"என் கையா, நித்யா?"

அவள் திரும்பிச் சிரித்தாள். "விடுங்க அத்தை. இவன் தவழ ஆரம்பிச்சா இதைவிட மோசமா ஆகத்தான் போகுது. அப்போ பழியை உங்க மேல போட முடியாதேன்னு இப்பவே கவலையா இருக்கு."

நல்ல பெண். ஆனாலும் எனக்குக் கூசிற்று. வீட்டுக்காரர்கள் நடுவில் நடக்கிறார்கள். விருந்தாளிக்குத்தான் சுவர் வேண்டியிருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வராததுதான் இந்த அத்தியாயத்துக்குக் காரணம்.

அங்கே இருந்தவரையில் நான் ஏங்கியது பெரிய விஷயங்களுக்காக அல்ல. கிணற்று உருளை எழுப்பும் கிறீச்சொலி. லதாவின் துடைப்பம் முற்றத்துச் சிமெண்டில் எழுப்பும் சத்தம். அண்ணா செய்தித்தாளின் தலைப்புகளை யாரும் கேட்காமலே உரக்கப் படிப்பது. அடுக்களையிலிருந்து மன்னி, "ஜயா, காப்பி" என்று என் பெயரையும் காப்பியையும் ஒரே சொல்லாகச் சேர்த்துக் கூப்பிடுவது. சத்தமே இல்லாத அந்த ஊரில் நான் இவற்றை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பெட்டி

திரும்பி வந்த காலையில், டாக்ஸி பஸ் நிலையம் இருக்கும் தம்பானூரைத் தாண்டும்போது விடிந்திருந்தது. பஸ்கள், ஆட்டோக்கள், லாட்ஜ் வாசல்களில் பெட்டியோடு நிற்பவர்கள், டீக்கடை ஆவி. இரைச்சல் முழுவதும் எனக்குப் பாட்டாகக் கேட்டது. இரவு பெய்த மழையில் தெரு கழுவிவிட்டாற்போல் இருந்தது.

ஆனால் வீட்டுக்குள் காலை வைத்ததும் திடுக்கென்றது. இத்தனை குறுகலா? இத்தனை இருட்டா? வெள்ளைச் சுவர்களுக்குப் பழகிய கண் அங்கே எதையும் சும்மா விடவில்லை. சாய்வு நாற்காலித் துணியில் அண்ணாவின் தலை பட்டுப் பட்டுக் கறுத்த இடம்; போன வருஷத்துக் காலண்டர் மேல் மாட்டிய இந்த வருஷத்துக் காலண்டர்; கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாகக் கூடத்துக்குள் சாய்வாக இறங்கும் ஒரே ஒரு பட்டை வெளிச்சம். எல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்தவை. யாரோ ஒருவர் வீட்டைப் பார்ப்பதுபோல் அன்று பார்த்தேன்.

ரகு வாங்கிக் கொடுத்த புதுப் பெட்டியை ரேழியில், அதாவது வாசலையும் கூடத்தையும் இணைக்கிற குறுகிய நடையில், வைத்தேன். பெரிய பெட்டி. செக்கச் செவேலென்று இருக்கும். விமான நிலையத்தில் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம் என்று அந்த நிறத்தை அவன் தேர்ந்தெடுத்திருந்தான். வாசல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா ஜயா? குரலைக் கேட்டேன், ஓடி வரேன்" என்று மன்னி முகமெல்லாம் சிரிப்பாக அடுக்களையிலிருந்து வந்தாள். வந்த வேகத்தில் பெட்டியின்மேல் மோதி விழுந்தாள்.

"பாத்து வரப்படாதோ!" என்று அண்ணா பதறினார்.

"தொடாதேங்கோ, மடியா இருக்கேன். வழியில பெட்டியை வெச்சா? ஜயாவுக்கு வெளிநாடு போய் வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு." வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். அவள் கை தரையைத் துழாவி, சுவரைக் கண்டு, அதைப் பிடித்து எழுந்தது.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண், சுவரில் கை பட்ட இடத்தில் நின்றது. அங்கே ஒரு கோடு இருந்தது. இடுப்பளவு உயரத்தில், எண்ணெயும் புகையும் ஏறிய மங்கிய கருங்கோடு. ரேழியில் தொடங்கி, கூடத்துச் சுவரோடு போய், திரும்பும் மூலையில் சற்று அழுத்தமாகி, அடுக்களை நிலையைத் தொட்டு, பின்கட்டில் கிணற்றங்கரைவரை சென்றது.

"அண்ணா, இது என்ன?"

"எது? ஓ, அதுவா. பழைய வீடு, சுவர் ஊறறது. நீ ஸ்வீடன்லேர்ந்து வந்திருக்கே, உனக்கு இப்போ எல்லாம் அழுக்காத்தான் தெரியும்" என்றார் அண்ணா.

சுவர் ஊறினால் அடியிலிருந்து ஊறும். இடுப்பளவில் கோடு போட்டுக்கொண்டு ஊறாது. இதே போன்ற ஒரு கோட்டை நான் ஒரு குளிர்காலம் முழுவதும் வேறொரு வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்தேன். நான் அங்கே விருந்தாளி. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முடி நரைத்தவள் ஏன் இங்கே விருந்தாளியைப்போல் நடக்க வேண்டும்?

அன்று மத்தியானம் நித்யா சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பிய ஆதியின் படத்தை மன்னியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணாடி ஓட்டின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்ல நகர்த்தினாள். "நெத்தி உங்க அண்ணா நெத்தி… மூக்கு நித்யாவோடது போலிருக்கு… காதைக் காணோமே… இதோ இருக்கு, ரகு காது." சாவித் துவாரத்தின் வழியே ஓர் அறையைப் பார்ப்பவரைப்போல, துண்டு துண்டாகப் பேரனைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ரசிச்சுப் பாக்கறா பாரு. ஆனா நேர்ல போகமாட்டாளாம்" என்றார் அண்ணா.

நின்றுபோன வாசிப்பு

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

மன்னி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கூர்மையான கண் அவளுக்கு. முறத்தில் அரிசியைப் பரப்பினால் கல் தானாக எழுந்து அவளிடம் வந்துவிடும் என்று அம்மா சொல்வாள். ஒரு முறை கிணற்றங்கரையில் என் தோட்டின் திருகாணி விழுந்து, நாங்கள் எல்லோரும் மண்டியிட்டுத் தேடியபோது, மன்னி நின்ற இடத்திலிருந்தே, "அதோ, துவைக்கற கல்லுக்கு அந்தப் பக்கம்" என்றாள்.

வாரப் பத்திரிகை வந்தால் முதலில் அவள்தான் படிப்பாள். தொடர்கதையின் முடிச்சு அவிழ்வதை நான் படிக்குமுன்பே சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். ஏதோ ஒரு வருஷத்தில் அது மாறிற்று. சாப்பிட்டு முடித்துப் படுத்துக்கொண்டே, "நீயே படி ஜயா. உன் குரல்ல கேட்டாத்தான் கதை நன்னா இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரல் வைத்து, பல வருஷம் படித்தேன்.

ஸ்வீடனிலிருந்து வந்த மறுநாள், வழக்கம்போல் பத்திரிகையைப் பிரித்தேன். பிரித்ததும் குரல் எழவில்லை.

"என்ன, தொண்டை கட்டிண்டுதா? அந்த ஊர்க் குளிர்" என்றாள் மன்னி.

"கொஞ்சம்" என்றேன்.

கிணற்றங்கரையில்

அன்று சாயங்காலம் மன்னி கிணற்றடியில் காப்பிப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தேன். எதையும் நேராகக் கேட்க எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

"மன்னி, நான் ரகு ஆத்துல சுவரைப் பிடிச்சுண்டேதான் நடந்தேன்."

"ஏன், முழங்கால் வலியா?"

"இல்லை. தெரியாத வீடு, ஒரே இருட்டு. நித்யா தெனம் என் கை அடையாளத்தைத் துடைப்பா."

மன்னியின் கை பாத்திரத்தில் நின்றது.

"நம்மாத்துச் சுவர்லயும் ஒரு கோடு இருக்கு, மன்னி."

"நாளைக்கு லதாவைத் தொடைக்கச் சொல்றேன்."

"தொடைச்சா திரும்ப வரும். எவ்வளவு நாளா?"

காகம் ஒன்று சுற்றுச்சுவரில் வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது. மன்னி பாத்திரத்தைக் கவிழ்த்தாள். கவிழ்க்குமுன் விரலால் கல்லின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எப்போன்னு ஓர்மை இல்லை, ஜயா. ஓரத்துலேர்ந்து போச்சு. முதல்ல பக்கத்துல வரவா தெரியலை. அப்பறம் இலையோட ஓரம் தெரியலை. இப்போ நேரா பாத்தா நடுவுல கொஞ்சம். உன் மூக்குத்தி தெரியறது. மெருகு போட்டியா?"

"போட்டேன். ஏன் மன்னி யார்கிட்டயும் சொல்லலை?"

"யார்கிட்ட சொல்ல? உங்கண்ணாகிட்ட சொன்னா அவர் ரகுகிட்ட சொல்லுவார். ரகு மறுநாளே டிக்கெட் அனுப்புவான். அம்மாவை அங்கயே வெச்சுண்டுடுவான். நல்ல பிள்ளைதான், அதான் பயம்." அவள் குரல் ஏறவில்லை. "இங்க உப்பு எங்க, புளி எங்க, படி எங்கன்னு எனக்குத் தெரியும். அங்க எந்தச் சுவர் எனக்குத் தெரியும்? அங்க போனா நான் கண் தெரியாதவ. இங்க நான் விசாலம்."

நான் ஒரு டம்ளரை எடுத்து அலம்பினேன்.

"பேரனைப் பாக்கணும்னு எனக்கு இல்லையா? ஏர்போர்ட்ல அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல என்னை யாரோ கையைப் பிடிச்சு இழுத்துண்டு போறாப்பல சொப்பனம் வரும். முழிச்சுண்டுடுவேன்."

"அதுக்கு மடின்னு சொன்னேளா?"

"நான் எங்க சொன்னேன்?" மன்னிக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "உங்கண்ணாதான் முதல்ல சொன்னார். 'விசாலத்துக்கு மடி ஜாஸ்தியாயிடுத்து'ன்னு தெரு பூராச் சொல்லிண்டு வந்தார். கேக்க நன்னாத்தான் இருந்தது. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரசத்துல சர்க்கரையைப் போட்டுட்டு நான் பட்ட பாடு! லதாதான் பாவம், அன்னிக்கு அழுதுட்டா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் அது நின்றுவிட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆனா என்கூட டாக்டர்கிட்ட வரணும்" என்றேன்.

"எதுக்கு? போனது வருமா?"

"இருக்கறது போகாம இருக்கும்."

எனக்குக் கண்ணாடி மாற்ற

என் மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும், மன்னி துணைக்கு வருகிறாள் என்று அண்ணாவிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை, ஆனால் எதை நம்பவில்லை என்பது அவருக்கே தெரியவில்லை.

வாசற்படி இறங்கியதும் மன்னி என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். இத்தனை வருஷம் தொடாதே, தொடாதே என்றவளின் பிடி அப்படி இறுக்கமாக இருந்தது.

"இதென்ன அதிசயம்! விசாலம் தெருவுல இறங்கியிருக்கா. இன்னிக்கு மழைதான், கேட்டோ!" என்று பங்கஜம் மாமி தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

மன்னி குரல் வந்த பக்கம் சரியாக முகத்தைத் திருப்பினாள். "எங்ககிட்ட குடை இருக்கு மாமி. நீங்க வடாத்தை எடுத்து உள்ள வையுங்கோ."

ஆட்டோ நகர்ந்த பிறகு என் காதருகே, "மாமி வடாம் போட்டிருக்காளா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கா. எப்படித் தெரிஞ்சது?"

"பெருங்காய வாசனை."

கண் மருத்துவமனையில் இளம் பெண் டாக்டர். நெடுநேரம் பரிசோதித்தார். "எந்தா அம்மே, இத்ரயும் காலம் வராஞ்ஞது?" என்று, இத்தனை காலம் வராததற்குக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்ட கையோடு மன்னியின் தோளைத் தொட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையை அரித்துவிட்டது, அரித்தது அரித்ததுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டுவந்தால் நடுவில் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "போயது போயி. உள்ளது நமுக்கு நோக்காம்."

திரும்பும் வழியில் மன்னி இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். உள்ளதை நாம் பார்த்துக்கொள்வோம் என்பது அதன் பொருள்.

அண்ணா கதவைத் திறந்தது

காலையும் மாலையும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மருந்து விட்டேன். மன்னி சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். நான் இமையைத் தூக்கிப் பிடிப்பேன். சில நாட்கள்தான் அப்படி ஓடிற்று. ஒரு காலையில் வெந்நீருக்காகக் கையில் டம்ளரோடு அண்ணா கதவைத் தள்ளிவிட்டார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது மருந்தல்ல. மடியாக இருந்த மன்னியை நான் தொட்டுக்கொண்டிருந்தேன். அதுதான்.

"தொட்டுண்டிருக்கே, ஜயா" என்றார் குழப்பமாக.

மன்னி முகத்தைத் தூக்கியபடியே, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ஏன்னா, எனக்கு ஓரமெல்லாம் தெரியலை. ரொம்ப நாளாச்சு."

ஒவ்வொன்றாக அவருக்குள் இடம் மாறுவதை நான் பார்த்தேன்: கோவில், கூடம், பானகமாகிப்போன ரசம், ஸ்வீடன். பிறகு அவர் கையிலிருந்த டம்ளரைப் பக்கத்தில் இருந்த மேடையில் வைக்கப் போனார். வைக்கவில்லை. டம்ளர்களின் வரிசைக்குச் சென்று, அதற்குரிய இடத்தில், சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே போனார்.

இதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருடைய செருப்பு நடைவழியில் கிடந்ததில்லை. சாய்வு நாற்காலியை வெளிச்சத்துக்காக இழுத்துப் போட்டுக்கொண்டால், எழுந்ததும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவார். செய்தித்தாளைத் தலைப்பு மட்டுமன்றி முழுவதுமாக உரக்கப் படித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகு போன் செய்தான். "அப்பா, வர சம்மர்ல அம்மாவைக் கூட்டிண்டு வாங்கோளேன். உங்களுக்கும் வயசாறது. எல்லாருமா இங்கயே இருக்கலாம்."

அடுக்களை நிலையில் மன்னி வந்து நின்றாள். கை சுவரில் இருந்தது. அண்ணா அவளைப் பார்த்தார்.

"உங்கம்மாவா? நன்னாச் சொன்னே போ! அவ மடி உனக்குத் தெரியாதா? அங்க புடவை உலர்த்த ஒரு கொடி உண்டாடா? இதெல்லாம் நடக்கற காரியமில்லை."

முன்பு தெரியாமல் சொன்னதைத் தெரிந்தே அவர் சொன்ன அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். தெரு முழுவதும் சொல்லித் திரிந்தபோது இருந்த அதே கேலியும் பெருமையும் அதில் அப்படியே இருந்தன. மன்னி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அண்ணாவுக்கு, கேட்காமலே இன்னொரு காப்பி வந்தது.

ஆதியின் காது

ஆதி நடக்கத் தொடங்கிய பிறகு அவர்கள்தான் வந்தார்கள். ரேழியில் பெட்டிகளை இறக்கி வைத்ததும், நித்யா சுவரைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரைத் தினமும் துடைத்தவள் அவள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ரகுவின் காதில் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள்.

ரகு அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளறைக் கட்டிலின்மேல் கொண்டுபோய் வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றான்.

"அம்மா, மடியா இருக்கியா? தொடலாமா?"

"நீ நில்லு அங்கேயே. குழந்தையைக் குடு. குழந்தை தொட்டா தோஷமில்லை."

மன்னி தரையில் உட்கார்ந்து, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவன் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, கன்னம். படத்தில் துண்டு துண்டாகத் தேடியதெல்லாம் ஒரே தடவையில் அவள் கைக்குள் வந்தது. காதுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, "ரகு காதேதான்" என்றாள்.

ஊருக்குப் போகும்வரை ரகு டிக்கெட் பேச்சை எடுக்கவே இல்லை.

மன்னி அதன்பிறகும் சில மழைக்காலங்கள் அந்த அடுக்களையில் சமைத்தாள். நடுவில் இருந்த கொஞ்சம் வெளிச்சம் கடைசிவரை போகவில்லை. ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சலாகப் படுத்தாள், நீண்ட படுக்கையில்லை; போய்விட்டாள். கடைசிச் சொட்டு மருந்தை விட்டதும் என் கைதான்.

வருஷம் முடிந்ததும் ரகு ஆளை ஏற்பாடு செய்து வீடு முழுவதும் வெள்ளையடிக்கச் செய்தான். அண்ணாவும் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, ஒரே நாளில் அந்தக் கோடு போய்விட்டது. ரகுவின் வீட்டுச் சுவரைப்போல எங்கள் சுவரும் வெள்ளையாயிற்று. அன்று அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

போன மழைக்குப் பிறகு ஒரு காலையில், கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் கூடத்துச் சுவரில் விழுந்தபோது, மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. மன்னியின் கோட்டைவிட ஒரு சாண் உயரத்தில். நான் பயந்துபோய் அண்ணாவை அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

"பின்ன ஏன் அண்ணா சுவரைப் பிடிச்சுண்டு நடக்கறே?" என்று ஆட்டோவில் கேட்டேன்.

அண்ணா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வெறுதே" என்றார். சும்மாதான் என்று சொல்ல இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் சொல் அது.

உப்பு டப்பா மன்னி வைத்த இடத்திலேயே, தட்டின் இடது ஓரத்தில் இருக்கிறது, அதற்கடுத்துப் புளி. வீட்டில் இப்போது அண்ணாவும் நானும் இருக்கிறோம்.